துறைமுகத்துக்கு நான் போட்ட கோல்

போன மாதம் அலுவலகத்தில் எனக்குப் பிரிவு உபசாரத் தேநீர் கொடுத்தார்கள். ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெறுவது கொஞ்சம் அவசரம்தான். ஆனால் பர்மிய எழுத்தில் ஆறும் ஒன்பதும் ஒரே எண் தலைகீழாக நிற்பதுபோல இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு கால்பந்துப் புள்ளிப் பட்டியல் போடக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் இதழில் ஒரு புதிய கம்ப்யூட்டர் புரோகிராம் வந்து இறங்கியிருந்தது. ஆட்ட முடிவைத் தட்டினால் பட்டியலை அதுவே போட்டுவிடும். என்னையும் அதையும் ஒரே அறையில் வைத்துக்கொள்ள நிர்வாகத்துக்கும் சங்கடமாக இருந்திருக்கும்.

தேநீரின்போது மா சூ என்ற புதிய உதவி ஆசிரியை பர்மியத்தில் கேட்டாள்: “செல்வா அண்ணே, இந்தப் புரோகிராம் இல்லாத காலத்துல பட்டியல்ல தப்பு வந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“வாசகர்கள் வந்து அடிப்பார்கள்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, கேக்கை வாயில் அடைத்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது. என் தொழில் வாழ்க்கையிலேயே பெரிய தப்பை எந்த வாசகரும் கண்டுபிடிக்கவில்லை. நானேதான் கண்டுபிடித்தேன், ஏனென்றால் அதைச் செய்தவனும் நான்தான். அந்தக் கதையைக் கேக்கோடு சேர்த்து விழுங்கியாயிற்று. இங்கே எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரங்கூனின் லத்தா பகுதியில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, காலண்டர், ஊறுகாய் லேபிள் என்று பத்து வருஷத்துக்கு மேல் பிழை திருத்தினேன். எண்பத்தெட்டில் போராட்டத்தால் ஊர் அடைபட்டுக் கிடந்த மாதங்களில் கல்யாணமும் இல்லை, காலண்டரும் இல்லை. சும்மா கிடந்த நேரத்தில் பழைய ஆங்கில விளையாட்டு இதழ்களை மனப்பாடம் செய்தேன். சில வருஷங்கள் கழித்து அதே கட்டடத்தின் மாடியில் ஒரு விளையாட்டு வார இதழ் தொடங்கினார்கள். படி ஏறியதுதான் என் பதவி உயர்வு.

மாடியில் வெளிநாட்டுக் கால்பந்துப் பக்கங்களுக்கு ஆசிரியராக இருந்தவர் காசிம் பாய். பர்மியர்களுக்கு ஊ காசிம். பாட்டனார் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பாய் ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். நேர்முகத் தேர்வை நின்றபடியே முடித்தார்.

“பதினேழெட்டு?”

“நூத்தி முப்பத்தாறு.”

“பயப்படுவியா?”

“ரொம்ப, பாய்.”

“நல்லது. பயப்படாதவன் கூட்டலை ரெண்டாந்தரம் பாக்க மாட்டான்.”

நான் பயப்படுவது பற்றி அவருக்கு முழு விவரம் தெரியாது. எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். கல்யாணத்தன்று தாலி கட்டும்போது வந்த விக்கலில் மூன்று முடிச்சு நான்காகிவிட்டது என்று என் மனைவி மாலா இன்றும் சொல்வாள்.

காசிம் பாய்க்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். சாதாரண நாளில் நான் ‘தம்பி’. எரிச்சல் வந்தால் ‘செல்வராஜ்’. நிஜமான கோபம் என்றால் ‘செல்வராஜ் அவர்களே’. அலுவலகத்தில் மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ‘அவர்களே’ என்ற சொல் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அது காதில் விழுந்தால் தட்டச்சுச் சத்தம் கூட நின்றுவிடும்.

பட்டியலைச் சரிபார்ப்பதற்கு அவர் வைத்திருந்த முறை இது. செவ்வாய்க்கிழமை காலை நான் ஒவ்வொரு அணியின் வரிசையையும் உரக்க வாசிக்க வேண்டும்: ஆடியது, வென்றது, சமன், தோற்றது, போட்ட கோல், வாங்கிய கோல், புள்ளி. அவர் கண்ணை மூடிக்கொண்டு மனத்தில் கூட்டிக்கொண்டே வருவார். கடைசி அணி முடிந்ததும் மூன்று கேள்வி. எல்லா வெற்றியும் சேர்ந்து எல்லாத் தோல்விக்கும் சமமா? சமனான ஆட்டங்களின் கூட்டுத்தொகை இரட்டைப் படையா? போட்ட கோல் மொத்தமும் வாங்கிய கோல் மொத்தமும் ஒன்றா? மூன்றும் சரியென்றால் காதிலிருந்து பென்சிலை எடுத்து மூலையில் ஒரு சுழி போடுவார். சுழி இல்லாமல் பக்கம் கீழே இறங்காது.

முடிவு கிடைக்காத ஆட்டத்துக்குக் கோடு போடலாம். “கோடு போட்டா வெக்கமில்ல. தெரியலேன்னு சொல்றதுக்கு அச்சுல அதுதான் எழுத்து” என்பார். ஆனால் இல்லாத முடிவை இட்டுக்கட்டினால் அன்றைக்கே வீடு. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அப்படித்தான் போனாராம். யாரோ ஒரு நார்வே அணிக்கு அவர் கொடுத்த இரண்டு கோல் அவருடைய வேலையைக் கொண்டுபோயிற்று. முதல் நாளே இதைச் சொல்லித்தான் என்னை உட்கார வைத்தார்கள். விக்கிக்கொண்டே உட்கார்ந்தேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வேறெந்தப் பத்திரிகையிலும் நான் கேள்விப்பட்டதில்லை. தப்பு வந்தால் அடுத்த வாரம் திருத்தம் போடுவார்கள் அல்லவா? எங்கள் பக்கத்தில் அந்தத் திருத்தம் அச்சுக்குப் போவதற்கு முன்னால், தப்புச் செய்தவன் அதன் நகலை எடுத்துக்கொண்டு போய், அந்தத் தப்பால் ஏமாந்த ஒரு வாசகரின் முன்னால் நின்று உரக்கப் படித்து, அவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

“பேப்பர்ல திருத்தினா பேப்பருக்குத்தான் திருத்தம். மூஞ்சிக்கு நேரா படிச்சுப் பாரு, அடுத்த தடவ கை நடுங்கும்” என்றார் பாய்.

ஒரு தடவை இங்கிலாந்தின் பெரிய அணி ஒன்றின் தோல்வியை வெற்றியாகப் போட்டுவிட்டேன். அதன் விசிறிகள் கூடும் டீக்கடைக்குப் போய்த் திருத்தத்தைப் படித்தேன். ஒரு பருத்த மனிதர் மூன்று முறை படிக்கச் சொன்னார். மூன்றாம் முறை படிக்கும்போது பின்னாலிருந்து என் செருப்பை யாரோ எடுத்துவிட்டார்கள். கையெழுத்தோடு, வெறுங்காலோடு திரும்பினேன். காசிம் பாய் என் காலைப் பார்த்துவிட்டு, “நல்லாப் படிச்சிருக்கே” என்றார்.

இனி பல்கேரியா.

தொண்ணூற்று நாலாம் வருஷ உலகக் கோப்பையில் பல்கேரியா ஜெர்மனியைத் தோற்கடித்ததை ரங்கூன் முழுக்க டிவியில் பார்த்தது. அதற்குப் பிறகு, இந்த நாட்டில் உள்ளூர்ப் போட்டிகள் எப்படி நடக்கின்றன என்று கடிதங்கள் வர ஆரம்பித்தன. காசிம் பாய் ஒரு முழு சீசனுக்குப் பல்கேரிய முதல் பிரிவுப் பட்டியலைப் போடுவது என்று முடிவெடுத்தார். பதினாறு அணி. பெயர்களெல்லாம் ரயில் மாதிரி நீளம், எங்கள் பத்தியோ விரல் அகலம். அதனால் அவரே ஒவ்வோர் அணிக்கும் பட்டப்பெயர் வைத்தார்: பட்டாளம், ரயில்வே, ரோஜாத் தோட்டம், பஞ்சாலை, துறைமுகம். நிஜப் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த அணிகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன. என் பாவம் அவர்கள் தலையில் ஏற வேண்டாம்.

முடிவுகள் எப்படிக் கிடைத்தன என்று மா சூ நம்ப மாட்டாள். திங்கள் விடியற்காலை ஐந்தரைக்குச் சிற்றலையில் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவிலிருந்து ஓர் ஆங்கில ஒலிபரப்பு வரும். கடைசி இரண்டு நிமிஷம் கால்பந்து. தின்கன்ஜூனில் எங்கள் வீட்டு மாடி ஜன்னலோரம், ஏரியல் கம்பியை மாலாவின் துணிக்கொடியோடு கட்டிவிட்டு, காதை ரேடியோவில் ஒட்டிக்கொண்டு எட்டு ஆட்ட முடிவையும் எழுதுவேன். கொடியில் ஈரத் துணி தொங்கினால் ஒலி சுத்தமாக வரும் என்பது என் கண்டுபிடிப்பு. திங்கட்கிழமைகளில் விடியுமுன்பே துவைக்க வேண்டியிருந்தது என்பது மாலாவின் புகார். முழுப் பட்டியலை ரேடியோவில் சொல்ல மாட்டார்கள், முதல் மூன்று இடம் மட்டும்தான். எப்போதாவது பாங்காக்கிலிருந்து விமானத்தில் வரும் ஆங்கிலத் தினசரியில் எறும்பு எழுத்தில் பல்கேரியா தலைகாட்டும்.

பட்டியல் வந்த முதல் வாரமே ஒருவர் இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கட்டம்போட்ட லுங்கி, புகையிலை வாடை, அறுபதை ஒட்டிய வயது.

“இதுல துறைமுகம்னு போட்டிருக்கே, அது கருங்கடல் ஓரத்துல இருக்கிற ஊருதான?”

“ஆமாம்ணே.”

“நா அங்க இருந்திருக்கேன்யா!”

அவர் பெயர் முத்தையா. க்யிம்யிண்டைங் படகுத்துறையில் கயிற்றுக்கடை வைத்திருந்தார். இளவயதில் கப்பலில் எண்ணெய் போடும் வேலை. அந்தத் துறைமுகத்தில் கப்பலின் எஞ்சின் உடைந்து, ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறார். “அந்தக் குளிருல கை வெரலு என்னோடதா அடுத்தவன் வெரலான்னே தெரியாது தம்பி. சுமை தூக்கற ஆளுங்க எனக்கு ஒரு கோட்டு குடுத்தானுங்க. ஞாயித்துக்கெழமை ஆனா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி பந்தாட்டம் பாக்க வச்சானுங்க. சூரியகாந்தி வெதைய மென்னு துப்பிக்கிட்டே கத்துவானுங்க. நானும் கத்துனேன். என்னா பேசறானுங்கன்னு ஒரு எழவும் வெளங்கல. கத்துறது மட்டும் வெளங்குச்சு.”

கப்பலை விட்டு இருபத்தைந்து வருஷமாகியும் அந்த அணி என்ன ஆயிற்றென்று அவருக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது வியாழன்தோறும் தெரிந்தது. இதழ் வந்ததும் பட்டியலை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டுவார். படகுத்துறைச் சுமைக்காரர்கள் கயிறு வாங்க வரும்போது பார்த்துவிட்டுக் கேலி செய்வார்கள். தாங்கள் பார்த்தேயிராத ஊரில் ஆடும் அணிக்கு ஒருவர் ஏங்குவதைவிட நல்ல கேலிப்பொருள் படகுத்துறையில் கிடைக்குமா?

துறைமுகம் மோசமாக ஆடியது. தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்று, கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. கடைசி இரண்டு இடத்துக்காரர்கள் சீசன் முடிவில் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை முத்தையா அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

“இந்த ஆட்டத்தோட பனிக்கு லீவு விட்டுருவானுங்களா தம்பி?”

“ஆமாம்ணே. மூணு மாசம் ஆட்டம் இல்ல.”

“அப்ப இந்த வாரப் பட்டியலு மூணு மாசம் என் செவுத்துல தொங்கணும். அடியில துறைமுகம்னு. அந்தப் பயலுவ மூணு மாசம் அதைப் பாத்துப் பாத்துச் சிரிப்பானுங்க.” கையிலிருந்த இதழை விரித்தார். “ஒரே ஒரு ஆட்டம் செயிச்சா மேல ரெண்டு படி ஏறிடலாம்ல?”

“ஏறிடலாம்ணே.”

திங்கள் விடியற்காலை நான் தயாராக இருந்தேன். துணி ஈரம், பேட்டரி புதுசு. ஏழு முடிவும் தேங்காய் உடைத்த மாதிரி வந்தன. “துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் நடந்த ஆட்டத்தில்” என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு கோ மியின்ட் தன் டாக்சியைக் கிளப்பினான். அந்த வண்டி சத்தத்தில் ரங்கூனே ஒரு நொடி காணாமல் போகும். அது அடங்கியபோது ரேடியோவில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

கோடு போட்டிருக்கலாம். வெட்கமில்லை என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார் பாய். மறுநாள் அவர் முன்னால் உட்கார்ந்து முடிவுகளை வாசித்தபோதுகூடக் கோடுதான் போட நினைத்தேன், சத்தியமாக.

“எட்டாவது?” என்றார், கண்ணை மூடியபடி.

எனக்குச் சுவர் தெரிந்தது. சுவரில் அடியில் துறைமுகம். வாய் தானாகப் பேசியது. “துறைமுகம் ஒண்ணு, ரயில்வே பூஜ்யம்.”

“அட! செயிச்சுட்டானுங்களா? கோலு எப்ப?”

கேள்வி கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை. “கடைசி நேரத்துல பாய். தலையால.”

அதற்கப்புறம்தான் விக்கல் வந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டு அவர் கூட்டினார். வெற்றியும் தோல்வியும் சமம். சமன்கள் இரட்டைப் படை. போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் வித்தியாசமில்லை. நான் பொய்யைக்கூட இரண்டு அணியிலும் ஒழுங்காக எழுதியிருந்தேன். மூலையில் சுழி விழுந்தது.

பாங்காக் பேப்பர் வந்ததும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த வாரம் பல்கேரியா வர வேண்டிய இடத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி விளம்பரம் வந்தது. அப்புறம் பல்கேரியாவில் பனி. மூன்று மாதம்.

அந்த மூன்று மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்றால், கனவில் நார்வே அணிக்குக் கோல் போட்டவர் வந்து பக்கத்தில் உட்காரச் சொல்வார். முத்தையா அண்ணனோ ஆனந்தத்தில் மிதந்தார். கடைக்குப் போனால் டீ வாங்கிக் கொடுத்து, என் கோலை எனக்கே வர்ணிப்பார். ஜனவரியில் அது சாதாரணத் தலைக்கோலாகத்தான் இருந்தது. பிப்ரவரியில் அதில் பனி பெய்ய ஆரம்பித்தது, கோல்காவலன் வழுக்கி விழுந்தான். மார்ச்சில், கோல் போட்டவன் அவருக்குக் கோட்டுக் கொடுத்த சுமைக்காரனின் மகனாகவே ஆகிவிட்டான். “அப்பன் மாதிரியே கழுத்து, தெரியுமா?” என்றார். நான் தலையாட்டினேன். விக்கலை டீயோடு விழுங்கினேன்.

பனி விலகியதும் துறைமுகம் கொஞ்சம் உருப்படியாக ஆடத் தொடங்கியது. பாங்காக் பேப்பரிலோ பல்கேரியா தலைகாட்டவே இல்லை. கடைசி வாரம் வந்தது. ரேடியோ சொன்ன முடிவுகளை என் பட்டியலில் ஏற்றினேன். துறைமுகம் பஞ்சாலையைவிட இரண்டு புள்ளி மேலே நின்று தப்பித்தது. பஞ்சாலை இறங்கியது. வியாழக்கிழமை இதழ் வந்த ஒரு மணி நேரத்தில் முத்தையா அண்ணன் எங்கள் அலுவலகத்துக்கே தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு இல்ல, இந்தா வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு. படகுத்துறை பூராவுக்கும் டான்பாவ். அவனுங்க வாயாலேயே துறைமுகம் வாழ்கன்னு சொல்ல வச்சுத்தான் எலை போடப்போறேன். நீங்களும் காசிம் பாயும் வந்துரணும்.” டான்பாவ் என்றால் எங்கள் ஊர்க் கோழி பிரியாணி.

செவ்வாய்க்கிழமை பாங்காக் பேப்பர் வந்தது. நான்தான் முதலில் பிரித்தேன். ஐரோப்பாவின் இறுதிப் பட்டியல்கள், எறும்பு எழுத்தில். பல்கேரியாவும் இருந்தது. துறைமுகத்தின் பெயரைக் கீழிருந்து தேடினேன். உடனே கிடைத்துவிட்டது. என்னுடையதைவிட மூன்று புள்ளி குறைவு. கீழிருந்து இரண்டாமிடம். இறங்கிவிட்டது. பஞ்சாலை தப்பித்திருந்தது. பஞ்சாலைக்காரர்களை நான் ஐந்து நாள் அநியாயமாக இழவு கொண்டாட வைத்திருக்கிறேன், நல்லவேளை அவர்களுக்குத் தெரியாது.

வளர்ந்த ஒரு மனிதன் இந்தச் சமயத்தில் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பேப்பரை மடித்து நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“தம்பி, பாங்காக் பேப்பர் வந்துச்சா?”

“பாக்கறேன் பாய்.”

பத்து நிமிஷம் போயிற்று. “செல்வராஜ், எந்திரிச்சுத் தேடு.”

“கால் மரத்துப்போச்சு பாய்.” விக்.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். “செல்வராஜ் அவர்களே, பேப்பர் உங்களுக்குக் கீழே இருக்கு.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. எழுந்தேன். அவர் சூடான பேப்பரை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, இரண்டு பட்டியலையும் ஒவ்வொரு வரிசையாக ஒப்பிட்டார். பதினாலு அணி அச்சாகப் பொருந்தியது. துறைமுகமும் ரயில்வேயும் மட்டும் பொருந்தவில்லை. பழைய இதழ்களின் கட்டை எடுத்து வந்து ஒவ்வொரு வாரமாகப் பின்னோக்கிப் போனார். டிசம்பரில் விரல் நின்றது.

“இது ரேடியோ சொன்னதா?”

“இல்ல பாய்.”

“பின்ன யாரு?”

“நாந்தான்.” விக்.

“அந்தத் தலைக் கோலு?”

“அதுவும் நாந்தான் பாய்.”

காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். “நல்ல கோலு” என்றார்.

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவர் உட்கார்ந்து திருத்தத்தை எழுதினார். ‘டிசம்பர் ஆட்டத்தில் துறைமுகம் வென்றதாக வெளியிட்டது இட்டுக்கட்டியது. துறைமுகம் அந்த ஆட்டத்தில் இரண்டு கோலில் தோற்றது. ஆகவே துறைமுகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. பஞ்சாலை இறங்கவில்லை.’ தோல்வியின் அளவு எப்படித் தெரிந்தது என்றால், இரண்டு பட்டியலின் கோல்களைக் கழித்துப் பார்த்தார். அந்த நிலையிலும் அவருடைய கழித்தலைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது.

“யாருகிட்ட படிக்கணும்னு நா சொல்லணுமா?”

“வேணாம் பாய்.”

“போயிட்டு வாங்க. வேலையப் பத்தி வந்த பின்னாடி பேசுவோம்.”

அந்த ‘வாங்க’ போதும். இருபத்தொரு நிறுத்தம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், உட்கார இடம் இருந்தும்.

கடை வாசலில் இரண்டு கூடையில் கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன. மூன்று சுமைக்காரர்கள் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். முத்தையா அண்ணன் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“வாங்க பேப்பர்காரரே! ஞாயித்துக்கெழமை வரச் சொன்னா செவ்வாக்கெழமையே வந்துட்டீங்க. அவ்வளவு பசியா?”

“அண்ணே, ஒரு திருத்தம் படிக்கணும்.”

“படிங்க, படிங்க. யாருக்கு?”

காகிதத்தை விரித்துப் படித்தேன். இதழ் பர்மியத்தில்தானே, திருத்தமும் பர்மியத்தில்தான். சுமைக்காரர்களுக்கும் புரிந்தது. ‘இட்டுக்கட்டியது’ என்ற இடத்தில் ஒரு விக்கல், ‘இறங்கியது’ என்ற இடத்தில் இரண்டு. ஒருவன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினான்.

அண்ணன் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “குடிச்சுட்டு இன்னொரு வாட்டி படிங்க.”

படித்தேன்.

“அப்ப அந்தக் கோலு இல்ல.”

“இல்லண்ணே.”

“தலையால முட்டுனது?”

“இல்லண்ணே.”

“பனி?”

“பனி நீங்க போட்டதுண்ணே.”

ஒரு நொடி என்னை முறைத்தார். சுமைக்காரர்களில் இளையவன் பர்மியத்தில் கேட்டான்: “மாமா, உன் டீம் கீழ போயிருச்சா?”

“போயிருச்சுடா” என்றார் அண்ணன், அவரே முந்திக்கொண்டு. நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. இளையவன் கயிற்றை வெறுமனே சுற்றத் தொடங்கினான்.

“மூணு மாசம் அந்தச் செவுத்தப் பாத்துட்டுத்தான் கடையத் தொறந்தேன் தம்பி.” அவர் குரல் இறங்கியிருந்தது. “ஏன் அப்படிப் பண்ணீங்க?”

“நீங்க அன்னிக்கு ஒரே ஒரு ஆட்டம்னு கேட்டீங்க. எனக்குப் பயமா இருந்துச்சுண்ணே.”

“எதுக்குப் பயம்?”

யோசித்துப் பார்த்தேன். “உங்க மூஞ்சிய நெனச்சு.”

அவர் கோழிக்கூடைப் பக்கம் திரும்பி நின்றார். அப்புறம், “எறங்கினது அங்க இருக்கிறவனுங்களுக்குத் தெரியும்ல?” என்றார்.

“அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்ணே. கண்ணால பாத்திருப்பாங்க.”

“அப்ப இந்த ஒலகத்துல நா ஒருத்தன் மட்டும்தான் இத்தன நாளு சந்தோசமா இருந்திருக்கேன்.” இப்போது லேசாகச் சிரித்தார். “அவனுங்க அழுதுட்டு இருக்கும்போது இங்க ஒருத்தன் கோழி வாங்கியிருக்கான்.”

“கோழிய என்ன பண்ணப்போறீங்க?”

“ஏன், தோத்தவன் வீட்டுல அடுப்பு எரியக்கூடாதா? ஞாயித்துக்கெழமை டான்பாவ் உண்டு. அந்தக் கோசத்த மட்டும் சொல்ல வேணாம்.” காகிதத்தை வாங்கினார். பென்சில் கேட்டார். கையெழுத்துப் போடாமல் பின்பக்கத்தைத் திருப்பி, கோணல்மாணலான தமிழில் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்த பிறகு முன்பக்கம் பெயரைக் கிறுக்கினார். “இத உங்க பாய்கிட்ட குடுங்க. பின்பக்கம் சம்மதம்னாத்தான் முன்பக்கம் செல்லும். சொல்லிப்புட்டேன்.”

அலுவலகத்துக்கு வந்து பாயின் மேசைமேல் வைத்தேன். அவர் கையெழுத்தைப் பார்த்தார். திருப்பினார். உரக்கவே படித்தார்: “‘அடுத்த வருசம் துறைமுகம் ரெண்டாம் பிரிவுல ஆடும். அந்தப் பட்டியலையும் போட வேண்டியது. இதே தம்பிதான் போட வேண்டியது. கோல் அவனுங்க போட்டுக்குவானுங்க.’”

எனக்கு வந்த விக்கல் கீழே அச்சகத்துக்குக் கேட்டிருக்கும். பாய் பென்சிலை எடுத்து, திருத்தத்தின் மூலையில் ஒரு சுழி போட்டார். பென்சிலைக் காதில் செருகினார்.

“பல்கேரியா ரெண்டாம் பிரிவு முடிவு எந்த ரேடியோவுல வரும்?”

“எதுலயும் வராது பாய்.”

“அப்ப வேற எங்க கெடைக்கும்னு தேடு தம்பி. சும்மா நிக்கிறே?”

‘தம்பி’ என்றார். அதற்கு மேல் என் வேலையைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை, அன்றும் சரி, அவர் இருந்தவரையிலும் சரி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் க்யிம்யிண்டைங் போய் டான்பாவ் சாப்பிட்டோம். பாய் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்.

அடுத்த சீசனில் எங்கள் இதழின் கடைசிப் பக்கத்து மூலையில் பல்கேரிய இரண்டாம் பிரிவு என்று ஒரு பட்டியல் வந்தது. உலகத்தில் அதற்கு ஒரே ஒரு வாசகர். நான் சோஃபியா வானொலிக்குக் கடிதம் எழுதினேன், விமானப் பணியாளர்களைக் கெஞ்சினேன், கப்பல்காரர்களிடம் சொல்லி வைத்தேன். ஐந்து வாரத்துக்கு ஒரு முடிவு கிடைத்தால் அதிகம். மற்ற வாரங்களில் துறைமுகத்துக்கு நேரே ஒரு கோடு, அதன் கீழே பர்மியத்தில் ‘தெரியவில்லை’.

ஒரு வியாழன் பிற்பகல் அந்தப் பக்கமாகப் போனபோது, முத்தையா அண்ணன் புதுப் பட்டியலைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். இளைய சுமைக்காரன் எட்டிப் பார்த்து, “என்ன மாமா, இந்த வாரமும் தெரியலையாம்” என்று இழுத்தான்.

அண்ணன் பசைக் கையை லுங்கியில் துடைத்தார். “ஆமாடா. தோத்துட்டாங்கன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா பாரு.”